ஆய்வுச்சுருக்கமும் சான்றும்: 1999 அட்லாண்டா புற்றுநோய் மாநாட்டை முன்வைத்து

மருத்துவ மாநாட்டிற்கு அனுப்பப்பெறும் ஆய்வுச்சுருக்கம் சில நூறு சொற்களில் அமைவது. தேர்வுக்குழு பெரும்பாலும் அதனை மட்டுமே கொண்டு ஆய்வை ஏற்கிறது அல்லது விலக்குகிறது. நோயாளர் பதிவேடுகள் அக்குழுவின் பார்வைக்கு வருவதில்லை. இந்நடைமுறையின் எல்லையை ஒரு வரலாற்று நிகழ்வின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

சுருக்கத்தைச் சீர்செய்யும் முயற்சி முன்னரே தொடங்கியிருந்தது. நோக்கம், ஆய்வு வடிவமைப்பு, ஆய்விடம், நோயாளர், சிகிச்சை, அளவீடுகளும் விளைவுகளும், முடிபு என ஏழு தலைப்புகளில் இதழ்க் கட்டுரைகளின் சுருக்கம் அமைய வேண்டும் என்னும் முன்மொழிவு, 1987இல் 'அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' இதழில் வெளிவந்தது. எவற்றைக் கூற வேண்டும் என்பதை இம்முறை வரையறுத்தது. கூறப்பட்டவை மெய்யா என்பதை வடிவத்தால் உறுதிசெய்ய இயலாது.

1990களில் மார்பகப் புற்றுநோய்க்கு உயர் அளவு வேதிச்சிகிச்சையும் குருத்தணு மாற்றும் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அளிக்கப்பட்டன. உடலை மிகவும் வருத்தும் இச்சிகிச்சை பயன் தருமா என்பது 1999 மே மாதம் அட்லாண்டாவில் கூடிய அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் கழக மாநாட்டின் முதன்மை வினாவாயிற்று. அங்கு முன்வைக்கப்பட்ட பெரிய ஆய்வுகள் தெளிவான பயனைக் காட்டவில்லை. ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெர்னர் பெஸ்வோடாவின் ஆய்வோ பெரும்பயன் உண்டு என்றது. அதனால் நம்பிக்கை நீடித்தது.

அச்சிகிச்சைமுறையை மேலும் விரிவாகச் சோதிக்க விரும்பிய அமெரிக்க அறிஞர்கள், அதற்கு முன்னோடியாக 2000 சனவரியில் ஜோகன்னஸ்பர்க் சென்று பதிவேடுகளை ஆராய்ந்தனர். ஒப்பீட்டுக் குழுவினருக்கு அளிக்கப்பட்டதாகச் சுருக்கம் கூறிய மருந்துகளும் உண்மையில் அளிக்கப்பட்டவையும் வேறு என்பது வெளிப்பட்டது. பெஸ்வோடா தவற்றை ஒப்புக்கொண்டார், பணியிலிருந்து நீக்கப்பட்டார். தணிக்கை அறிக்கை அவ்வாண்டே 'லான்செட்' இதழில் வெளிவந்தது.

2008இல் கான்சார்ட் குழு, சமவாய்ப்பு ஆய்வுகளின் இதழ்ச் சுருக்கங்களுக்கும் மாநாட்டுச் சுருக்கங்களுக்கும் உரிய கூறுகளைப் பட்டியலிட்டது. எனினும் அப்பட்டியலும் சொல்லப்படுவதன் நிறைவையே நோக்குகிறது. முழுக்கட்டுரை வெளிவந்தாலாவது விரிவான மதிப்பீட்டிற்கு வாய்ப்புண்டு. ஆனால் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாநாட்டுச் சுருக்கங்களை உள்ளடக்கிய காக்ரேன் தொகுப்பாய்வு (2018), அவற்றுள் ஏறத்தாழ 37 விழுக்காடே முழுக்கட்டுரைகளாக வெளிவந்தன என மதிப்பிடுகிறது.

எனவே மாநாட்டுச் சுருக்கத்தை ஆய்வின் அறிவிப்பாகக் கொள்வதே தகும். சிகிச்சைக்குரிய சான்றாகக் கொள்வது பொருந்தாது. 1999ஆம் ஆண்டுக் கூற்றின் பொய்மையை வெளிப்படுத்தியது தேர்வுக்குழுவின் வாசிப்பு அன்று. பதிவேடுகளை நேரில் கண்ட தணிக்கையே ஆகும்.