தண்ணி குடிக்காமல் ஓடின காலம்

பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி வருகுது என்றால் முதலில் நடப்பது மரதன் ஓட்டம்தான். றோட்டில் வரிசையாக நிற்கேக்க எங்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை எப்பவும் ஒன்றுதான்: "இடையில தண்ணி குடிக்காதேங்கோ, வயித்தைப் பிடிக்கும்." நாங்களும் அதை நம்பி ஓடினோம். பிறகு ஒலிம்பிக் மரதனின் பழைய கதைகளை வாசிக்கேக்கதான் தெரிந்தது, தாகத்தை அடக்குவதுதான் வீரம் என்ற இந்த நினைப்புக்கு நூறு வயதுக்கு மேல் என்று.

1904 ஆகஸ்ட் 30. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம். வெயில் 32 பாகை செல்சியஸ் அளவில். பின்னேரம் மூன்று மணிக்கு, புழுதி றோட்டில் ஓட்டத்தைத் தொடக்கினார்கள். வழியில் ஓரிரு இடங்களில் மட்டும்தான் தண்ணீர். இது கவனக்குறைவு இல்லை. பொறுப்பாக இருந்த ஜேம்ஸ் சலிவன், தண்ணீர் குறைந்தால் உடல் என்ன செய்யும் என்று பார்க்க விரும்பியவர். 32 பேர் ஓடத் தொடங்கினார்கள், 14 பேர்தான் முடித்தார்கள். வென்ற தோமஸ் ஹிக்ஸ் தண்ணீர் கேட்டுக் கெஞ்சியபோது, உடன் வந்தவர்கள் குடிக்கக் கொடுக்காமல் வாயை மட்டும் நனைத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகக் கொடுத்தது ஸ்ட்ரிக்னைன் என்ற நஞ்சும் பிராண்டியும்.

அப்ப உடலுக்குள் என்னதான் நடக்கிறது? ஓடும்போது தசைகள் செலவழிக்கும் சக்தியில் கிட்டத்தட்டக் கால்வாசிதான் அசைவாக மாறும். மிச்சமெல்லாம் வெப்பம். மூளையின் அடியில் இருக்கும் பரிவகக்கீழ் இதைக் கவனித்து இரண்டு வேலை செய்யும். சூடான இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும், வியர்வைச் சுரப்பிகளைத் திறந்துவிடும். ஒரு லீற்றர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். முக்கியமான சொல் 'ஆவியானால்'. நிலத்தில் சொட்டி விழும் வேர்வை உடலைக் குளிராக்காது. தண்ணீர் குறையக் குறைய இரத்தத்தின் அளவும் குறையும். இருக்கிற இரத்தத்தைத் தசையும் கேட்கும், தோலும் கேட்கும்.

எட்டு வருடம் கழித்து, 1912 ஜூலை 14 அன்று ஸ்டொக்ஹோமில் இன்னொரு வெயில் மரதன். போர்த்துக்கல் நாட்டின் கொடியை ஏந்திவந்த பிரான்சிஸ்கோ லாசரோ ஒரு தச்சுத் தொழிலாளி. வெயில் சுடாமல் இருக்க உடம்பில் கொழுப்பு பூசிக்கொண்டு ஓடினார் என்று சொல்லப்படுகிறது. தோல் மூடுண்டால் வேர்வை எங்கே ஆவியாவது? 30 கிலோமீற்றரை அண்மித்த இடத்தில் விழுந்தவர், அடுத்த நாள் காலை இறந்துபோனார். நவீன ஒலிம்பிக்கில் போட்டியின்போது விழுந்து உயிரிழந்த முதல் வீரர் அவர்.

பெண்களுக்கு இந்த ஓட்டம் ஒத்துவராது என்று 1984 வரை ஒலிம்பிக்கில் இடமே கொடுக்கவில்லை. அந்த வருடம் லொஸ் ஏஞ்சல்ஸில் சுவிட்சர்லாந்தின் கப்ரியேலா அண்டர்சன் மைதானத்துக்குள் தள்ளாடிக்கொண்டு வந்தார். வைத்தியர்கள் தொட்டால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். அவருக்கு இன்னும் வேர்க்கிறது என்பதைப் பார்த்து அவர்கள் விட்டுவிட்டார்கள். அவர் 37ஆவதாக முடித்தார். ஆனால் வேர்த்துக்கொண்டிருக்கேக்கயே ஹீட் ஸ்ட்ரோக் வரலாம் என்பது இன்றைக்குத் தெளிவு. வேர்வையை மட்டும் நம்பி யாரையும் ஓடவிட முடியாது.

2019இல் டோஹா உலக மெய்வல்லுநர் போட்டியில் பெண்கள் மரதனை நடுச்சாமத்தில் வைத்தார்கள். வெயில் இல்லை, ஆனால் வெப்பம் 32 பாகைக்கு மேல், ஈரப்பதன் 70 வீதத்துக்கு மேல். 68 பேரில் 28 பேர் இடையில் நின்றுவிட்டார்கள். காற்றே ஈரமாக இருந்தால் வேர்வை ஆவியாகாது. கடலைச் சுற்றி வாழும் எங்களுக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கின் மரதன் வடக்கே சப்போரோவுக்கு மாற்றப்பட்டதும் இந்தப் பயத்தில்தான்.

அதுக்காகக் குடம் குடமாகக் குடிக்கவும் கூடாது. அளவுக்கு மிஞ்சின தண்ணீர் இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து உயிருக்கே உலை வைக்கும். தாகம் எடுத்தால் குடிப்பது, அவ்வளவுதான்.

ஓடுகிற பிள்ளை தள்ளாடினால், பேச்சுக் குழறினால், "இன்னும் கொஞ்சம்தான், ஓடு ஓடு" என்று கத்தாமல், நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறி, உடனே ஆஸ்பத்திரிக்கு அறிவிக்கவேண்டும். செயின்ட் லூயிஸில் நடந்தது அறியாமை என்று இன்றைக்குச் சிரிக்கிறோம். அதே அறிவுரையை அடுத்த விளையாட்டுப் போட்டியிலும் சொல்லிக்கொண்டு நின்றால், எங்களைப் பார்த்து யார் சிரிப்பது?