வீராசாமி தீர்ப்பின் முன்அனுமதியும் உச்சநீதிமன்றத்தின் மீதான பொது நம்பிக்கையும்

1976 பிப்ரவரியில், நெருக்கடி நிலை நடப்பில் இருந்தபோது, சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி கே. வீராசாமி மீது சிபிஐ வழக்குப் பதிவு செய்தது. வருமானத்துக்கு மீறிய சொத்து சேர்த்தார் என்பது குற்றச்சாட்டு. ஏப்ரலில் அவர் ஓய்வுபெற்றார். மறு ஆண்டு டிசம்பரில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. உயர்நீதிமன்ற நீதிபதிகளுக்கு 1947-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்று அவர் வாதிட்டார். பொருந்துமா என்ற அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல உச்சநீதிமன்றத்துக்கு 1991 ஜூலை வரை ஆயிற்று.

ஐந்து நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகத் தந்த அந்தத் தீர்ப்புக்கு இரண்டு பாதிகள் உண்டு. நீதிபதியும் பொது ஊழியரே, அவர்மீது ஊழல் வழக்குத் தொடுக்கலாம் என்பது முதல் பாதி. சட்டக் கல்லூரிகளில் இதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசிக்காமல் உயர்நீதிமன்ற, உச்சநீதிமன்ற நீதிபதி எவர்மீதும் வழக்கே பதிவு செய்யக்கூடாது, வழக்குக்கு முகாந்திரம் இல்லை என்று அவர் கருதினால் அத்தோடு விஷயம் முடிந்தது என்பது இரண்டாம் பாதி. புகார் தலைமை நீதிபதியின் மீதே என்றால், உச்சநீதிமன்றத்தின் பிற நீதிபதிகளிடம் ஆலோசனை கேட்க வேண்டும். சட்டத்தில் எங்கும் இல்லாத விதி இது. நீதிபதிகளே வகுத்தது. கடந்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உச்சநீதிமன்றத்தின் மீதான நம்பிக்கை தேய்ந்து வந்ததற்கு, தனிப்பட்ட நீதிபதிகளின் மீது எழுந்த குற்றச்சாட்டுகளைவிட இந்த இரண்டாம் பாதியே பெரிய காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

விதியை வகுத்தவர்களுக்கு நியாயமான அச்சம் இருந்தது. 1973-இல் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ராய் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். நெருக்கடி நிலையில் அரசுக்கு எதிராக மாறுபட்ட தீர்ப்பு எழுதிய எச்.ஆர். கன்னாவுக்கு 1977-இல் அப்பதவி மறுக்கப்பட்டது. வீராசாமி மீதான வழக்கே தமிழக ஆட்சி கலைக்கப்பட்ட சில வாரங்களில் பதிவானது. சிபிஐ மத்திய அரசின் கையில் இருக்கும் அமைப்பு. அரசுக்குப் பிடிக்காத தீர்ப்பு எழுதிய நீதிபதியின் வீட்டுக் கதவை மறுநாள் காலையில் போலீஸ் தட்டலாம் என்றால் நீதித்துறைச் சுதந்திரம் என்பதற்குப் பொருள் இல்லை. எனவே இடையில் ஒரு தடுப்பு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தத் தடுப்பை எப்படிக் கட்டினார்கள் என்பதில்தான் கேள்வி எழுகிறது. தலைமை நீதிபதி எத்தனை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று தீர்ப்பு கால வரம்பு வைக்கவில்லை. மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும் என்றும் சொல்லவில்லை. அதிகாரம் செலுத்தும் எவரும் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் என்று ஒரு தாசில்தாருக்கும் விதிக்கும் நீதிமன்றம், தன் தலைமைக்கு மட்டும் அதை விதிக்கவில்லை.

குற்றவியல் வழி அடைபட்டால் நாடாளுமன்ற வழி இருக்கிறதே என்பார்கள். அரசமைப்பின் 124-ஆம் உறுப்பும் 1968-ஆம் ஆண்டின் நீதிபதிகள் விசாரணைச் சட்டமும் அந்த வழியை வகுத்துள்ளன. அது எப்படி நடந்தது என்பதை வி. ராமசாமி விவகாரம் காட்டியது. சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து பஞ்சாப்-அரியானா தலைமை நீதிபதியாகச் சென்று, 1989-இல் உச்சநீதிமன்றத்துக்கு வந்தவர் அவர். சண்டிகரில் இருந்தபோது அரசு இல்லத்துக்கு மரச்சாமான்களும் கம்பளங்களும் வாங்கிய வகையில் பொதுப்பணம் முறைகேடாகச் செலவானது என்பது மையக் குற்றச்சாட்டு. 108 மக்களவை உறுப்பினர்கள் கையெழுத்திட்ட தீர்மானத்தை 1991 மார்ச்சில் சபாநாயகர் ரபி ராய் ஏற்றார். நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையிலான மூவர் குழு 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணமானதாக அறிக்கை தந்தது. 1993 மே மாதம் மக்களவையில் வாக்கெடுப்பு. ஆதரவு 196. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. ஆளும் காங்கிரஸ் தரப்பின் 205 உறுப்பினர்கள் அவையில் இருந்தபடியே வாக்களிக்காமல் இருந்தார்கள்.

இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கு என்ற நிபந்தனை நிறைவேறிவிட்டது. அளித்த வாக்கு எல்லாமே ஆதரவு வாக்கு. அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் என்ற மற்றொரு நிபந்தனைதான் தவறியது. ஆக, குழு கண்ட முடிவு தவறு என்று சொல்ல அந்த அவையில் ஒருவரும் முன்வரவில்லை. அது சரி என்று சொல்லாமல் விடுவதே போதுமானதாக இருந்தது. ராமசாமி 1994 பிப்ரவரியில் வயது நிறைந்து ஓய்வுபெற்றார். நாடாளுமன்றம் ஆதாரத்தை எடைபோடும் இடம் அன்று, அணி சேரும் இடம் என்பது அன்றே தெரிந்துவிட்டது. கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி சௌமித்ர சென் என்பவரை நீக்க 2011 ஆகஸ்டில் மாநிலங்களவை பெருவாரியாக வாக்களித்தது உண்மை. மக்களவை தீர்மானத்தை எடுத்துக்கொள்ளுமுன் அவர் பதவி விலகினார், நடவடிக்கை அத்தோடு நின்றது.

இரண்டு வழிகளுக்கும் நடுவே 1999-இல் நீதிமன்றம் தனக்கென உள்ளக விசாரணை நடைமுறை ஒன்றை ஏற்படுத்திக்கொண்டது. புகாரைத் தலைமை நீதிபதி பெறுவார், தேவை என்று கருதினால் நீதிபதிகள் குழு அமைப்பார், அறிக்கை அவரிடமே வரும். கர்நாடக உயர்நீதிமன்ற நீதிபதிகள் சிலர் பற்றிய விசாரணை அறிக்கையை வெளியிடக் கோரி வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் தொடுத்த வழக்கில், 2003-இல் உச்சநீதிமன்றம் மறுத்தது. அறிக்கை தலைமை நீதிபதியின் பார்வைக்கானது, பொதுமக்களுக்கு அன்று என்பது அம்மறுப்பின் சாரம். புகாரை வாங்குவது, விசாரிக்கச் செய்வது, அறிக்கையை வைத்திருப்பது, போலீசுக்கு அனுமதி தருவது ஆகிய நான்கும் ஒரே அலுவலகத்தில் வந்து சேர்ந்தன.

இதன் விளைவு குற்றம் செய்தவர் பயன்பெற்றது மட்டுமே என்று நினைப்பது பிழை. அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி எஸ்.என். சுக்லா மீதான உள்ளக அறிக்கை 2018 ஜனவரியில் பாதகமாக வந்தது. அவரிடமிருந்து வழக்குகள் பறிக்கப்பட்டன. 2019-இல் தலைமை நீதிபதி சிபிஐக்கு அனுமதி அளித்தார். பதவியில் இருக்கும் நீதிபதி மீது வழக்குப் பதிய இவ்வாறு அனுமதி கிடைத்தது அதுவே முதல்முறை. நீக்கத் தீர்மானம் வரவேயில்லை. இரண்டரை ஆண்டு ஒரு வழக்கும் விசாரிக்காத நீதிபதியாகவே இருந்து 2020-இல் அவர் ஓய்வுபெற்றார். மறுபுறம், 2008-இல் சண்டிகரில் ஒரு நீதிபதியின் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்ட 15 லட்சம் ரூபாய், மற்றொரு நீதிபதிக்கு அனுப்பப்பட்டது என்று வழக்கானது. குற்றம் சாட்டப்பட்ட அந்த நீதிபதி 2025 மார்ச்சில் விடுதலை செய்யப்பட்டார். விடுதலை என்று ஒரு சொல் கேட்க அவருக்குப் பதினேழு ஆண்டு. குற்றமற்ற நீதிபதிக்கும் இந்த அமைப்பு கொடுமையே செய்கிறது.

சிக்கல் உச்சநீதிமன்றத்தின் வாசலுக்கே வந்தது 2017-இல். ஒரு மருத்துவக் கல்லூரி வழக்கில் சாதகமான உத்தரவு பெற்றுத் தருவதாகப் பணம் பேசப்பட்டது என்று, ஒடிசா உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி ஒருவர் உள்ளிட்டோர் மீது சிபிஐ வழக்குப் பதிந்தது. கல்லூரியின் வழக்கைக் கேட்டது தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா அமர்வு. சிபிஐ வழக்கில் அவர் பெயர் இல்லை. தனி விசாரணை கோரிய மனுவை மூத்த நீதிபதிகள் ஐவர் கேட்கட்டும் என்று நவம்பர் 9 அன்று நீதிபதி செலமேஸ்வர் அமர்வு உத்தரவிட்டது. மறுநாளே தலைமை நீதிபதி தாமே தலைமையேற்ற அமர்வு அந்த உத்தரவைச் செல்லாததாக்கியது. சில நாளில் மனு தள்ளுபடியானது. அதே கோரிக்கையோடு வந்த ஓர் அமைப்புக்கு டிசம்பரில் 25 லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதிக்கப்பட்டது. மிஸ்ரா குற்றமற்றவராகவே இருந்திருக்கலாம். அப்படித்தான் கொள்ள வேண்டும். ஆனால் அந்த ஒரு நாள் அவர் அந்த இருக்கையிலிருந்து விலகி நின்றிருந்தால் நாட்டுக்கும் அவருக்கும் எவ்வளவு நன்மையாக இருந்திருக்கும்! தன் வழக்கில் தானே நீதிபதியாகக் கூடாது என்ற நெறியைக் கீழ்நீதிமன்றங்களுக்குக் கற்பித்த நீதிமன்றம் அது.

நம்பிக்கையைக் காக்கவே மறைக்கிறோம் என்பது நீதிமன்றத்தின் நெடுநாள் விளக்கம். நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் பின்னாலும் இதே எண்ணம் நிற்கிறது. 2006-இல் திருத்தம் வரும்வரை, சொன்னது உண்மை என்பதே போதிய எதிர்வாதமாகச் சட்டத்தில் ஏற்கப்படவில்லை. இந்த எண்ணம் நம்பிக்கையையும் மரியாதையையும் குழப்பிக்கொள்கிறது. பயத்தாலோ பழக்கத்தாலோ மரியாதை வரலாம். நம்பிக்கைக்கு அறிவு வேண்டும். நிலத்தை அடகு வைத்து டெல்லிவரை வழக்காடும் விவசாயி, தோற்றாலும் தீர்ப்பை ஏற்கிறார் என்றால், எதிர்த்தரப்பு விலை கொடுக்கவில்லை என்று அவருக்குத் தெரிவதால் ஏற்கிறார். விலை கொடுத்திருந்தால் கண்டுபிடித்திருப்பார்கள் என்ற உறுதியும் அதில் அடங்கும். இந்த இரண்டாவது உறுதியைத்தான் இரகசியம் பறிக்கிறது.

2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்ற நீதிபதி யஷ்வந்த் வர்மாவின் அரசு இல்லத்தில் தீப்பிடித்தபோது எரிந்த பணக்கட்டுகள் கிடந்ததாகச் செய்தி வந்தது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னா, வழக்கத்துக்கு மாறாக, காணொளியையும் நீதிபதியின் மறுப்பையும் உச்சநீதிமன்ற இணையதளத்திலேயே வெளியிட்டார். நீதிமன்றம் இடிந்து விழவில்லை. பத்திரிகைக் கசிவுகளை வைத்து ஊகித்துக்கொண்டிருந்த மக்கள் இரு தரப்பையும் படித்தார்கள். அதே ஆண்டு மே மாதம் உச்சநீதிமன்ற நீதிபதிகளின் சொத்து விவரமும் வெளியானது. அதற்கு முன், பிப்ரவரியில், உயர்நீதிமன்ற நீதிபதிகள் மீதான புகாரைத் தான் ஏற்கலாம் என்று ஊழல் புகார்களை விசாரிக்கும் அமைப்பான லோக்பால் இட்ட உத்தரவை அதே நீதிமன்றம் நிறுத்திவைத்தது. வெளிப்படைத்தன்மையைத் தானாகத் தருவேன், வெளியார் கேட்க விடமாட்டேன் என்ற நிலைதான் இவற்றில் தெரிகிறது. ஒரு தலைமை நீதிபதியின் நல்ல மனத்தால் வந்த வழக்கம் அடுத்தவரோடு போய்விடும்.

நாடாளுமன்றம் ஒருமுறை முயன்றது. நீதித்துறைப் பொறுப்புடைமை மசோதா 2012-இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைக் கடக்காமல் 2014-இல் காலாவதியானது. அதை மீட்க வேண்டும், ஆனால் காத்திருக்கத் தேவையில்லை. முன்அனுமதி தலைமை நீதிபதி ஒருவரிடம் இல்லாமல் மூத்த நீதிபதிகள் மூவரிடம் இருக்கட்டும். அறுபது நாளுக்குள் முடிவு வரட்டும். மறுத்தால் காரணம் எழுதப்படட்டும். விசாரணை முடிந்தபின், நீதிபதியைக் குற்றமற்றவர் என்று கண்ட அறிக்கை உள்பட, எல்லா அறிக்கையும் வெளியாகட்டும். அரசின் கை இவற்றில் எங்கும் நுழையவில்லை. 1976-இன் அச்சத்துக்கு இவை போதிய காப்பு. வீராசாமி விதியை நாடாளுமன்றமோ அரசமைப்பு அவையோ எழுதவில்லை. ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒன்று எழுதியது. அதைத் திருத்த ஏழு நீதிபதிகள் அமர்வு ஒன்றே போதும். அந்த அமர்வைத் தலைமை நீதிபதி அமைக்க வேண்டும்.