ஆளுக்குப் பத்து திராக்மா

இலங்கையில் உயர்தரக் கலைப்பிரிவில் 'கிரேக்க உரோம நாகரிகம்' என்று ஒரு பாடம் இருக்கிறது. "இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்பவர்களுக்கு, வணிகம் படிக்கும் நான் ஒரு கதை சொல்கிறேன்.

கி.மு. 483 அளவில் ஏதென்சின் லோரியம் சுரங்கங்களில் வெள்ளி ஏராளமாகக் கிடைத்தது. குடிமக்கள் ஆளுக்கு 10 திராக்மா வீதம் பங்கிட்டுக்கொள்வதாக இருந்தது. தெமிஸ்டொக்ளீஸ் தடுத்தார். அயல்தீவான ஏஜினாவுடன் இருந்த பகையைக் காரணம் காட்டி, அந்தப் பணத்தில் போர்க்கப்பல் கட்டுவோம் என்றார். மக்கள் சபையும் சம்மதித்தது.

கி.மு. 480இல் பாரசீகர் படையெடுத்து வந்து ஏதென்ஸ் நகரையே எரித்தார்கள். ஆனால் சலாமிஸ் நீரிணையில் அவர்களுடைய கடற்படை தோற்றது. கிரேக்கர் பக்கம் நின்ற கப்பல்களில் பெருந்தொகை ஏதென்சுடையவை.

இலாபத்தைப் பங்கிடுவதா, மீண்டும் முதலிடுவதா? நாங்கள் நிதி முகாமைத்துவத்தில் இதைக் கணக்காகச் செய்து பார்த்துவிட்டுப் போய்விடுவோம். அங்கே சாதாரணக் குடிமக்கள் கைக்கு வரவிருந்த காசை விட்டுக்கொடுத்து முடிவெடுத்தார்கள்.

ஒன்றையும் மறக்கக்கூடாது. அந்த வெள்ளியைத் தோண்டிய அடிமைகளுக்கு வாக்கும் இல்லை, 10 திராக்மாவும் இல்லை. எங்கள் இலாப நட்டக் கணக்கில் இதற்கு ஒரு வரி கிடையாது. வரலாற்றில் இருக்கிறது. அதற்காகவே அந்தப் பாடத்தைப் படிக்கலாம் நண்பர்களே!