மலையின் பஞ்சாங்கம்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. இரண்டு சம்பவங்கள் பொருந்தி வந்துவிட்டால் போதும். ஒன்றுக்கு மற்றொன்றே காரணம் என்று முடிச்சுப் போட்டுவிடுவான். இந்தச் சபலம் விஞ்ஞானிகளையும் விட்டுவைப்பதில்லை என்பதை, இத்தாலியின் வடக்கே நிற்கும் லாட்டெமார் மலையின் சரித்திரத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

ஏறக்குறைய 24 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்தது ஆழமில்லாத கடல். அடியில் சுண்ணாம்புச் சேறு படியும். நீர் வடிந்தால் அதன் மேற்பரப்பு காற்றில் காய்ந்து ஓடாகும். பிறகு மீண்டும் நீர் ஏறும். இப்படிச் சுமார் 600 அடுக்குகள், ஒன்றன்மேல் ஒன்றாக!

கடலை ஏற்றி இறக்கியது யார்? ஓயப்போகும் பம்பரம் தலையாட்டுவதுபோல் பூமியின் அச்சும் ஆடுகிறது. அதனால் பருவங்களின் வெயில் சுமார் 20 ஆயிரம் ஆண்டுக்கு ஒரு முறை கூடிக் குறைகிறது. சூரியனைச் சுற்றும் பாதையும் சுமார் லட்சம் ஆண்டுக்கு ஒரு முறை சற்று நீண்டு சுருங்குகிறது. இந்த ஆட்டத்தைக் கொண்டு பாறையின் வயதை எண்ணலாம் என்று 1895-லேயே கில்பர்ட் என்ற அமெரிக்கர் கொலராடோவில் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

1980-களில் லாட்டெமாரை ஆராய்ந்தவர்கள், அடுக்குகள் ஐந்தைந்தாகச் சேர்ந்திருப்பதைக் கண்டார்கள். ஐந்து இருபதாயிரம் ஒரு லட்சம்! எத்தனை கச்சிதமான பொருத்தம்! ஆனால், அந்தக் கணக்குப்படி 600 அடுக்குக்கு 1 கோடியே 20 லட்சம் ஆண்டு வேண்டும்.

அடுக்குகளுக்கு நடுவே எரிமலைச் சாம்பல் படிந்திருந்தது. அதிலுள்ள ஸிர்க்கான் மணிகளில் யுரேனியம் மாறாத வேகத்தில் ஈயமாகிக்கொண்டே இருக்கும். வானத்தைக் கேளாமல் ஓடும் கடிகாரம் அது. 1996-இல் வெளியான அளவீடு, அத்தனை காலம் அங்கே செல்லவேயில்லை என்றது. அதில் மூன்றிலொரு பங்கு தேறுவதே கஷ்டம்! அடுக்கு ஒவ்வொன்றும் அல்ல, ஐந்தடுக்குக் கட்டுத்தான் அச்சின் ஆட்டத்துக்கு உரியது என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள். சர்ச்சை பல ஆண்டுகள் நடந்தது.

அதற்காக வானக் கணக்கே பொய்யென்று நினைத்துவிடாதீர்கள். இந்து மகா சமுத்திரத்தின் தென்பகுதியில் எடுத்த அடிமண், பனியுகங்கள் அதே தாளத்தில் வந்துபோனதை 1976-இல் மெய்ப்பித்துவிட்டது. அங்கே உண்மையானது இங்கேயும் உண்மையாகத்தான் இருக்க வேண்டுமா என்பதே கேள்வி.

இதைப் படித்த இரவு, பாதி எழுதியிருந்த நாவலை எடுத்தேன். கச்சிதமாகப் பொருந்திய தற்செயல்கள் இரண்டை அடித்துவிட்டுத்தான் படுக்கப் போனேன்.