புதிய நாடா, மீண்ட நாடா? சென்னைப் பேராசிரியரின் ஆய்வும் கொச்சியின் உடன்படிக்கைகளும்

கொச்சி: அந்நிய ஆட்சியிலிருந்து விடுபடும் நாடு புதிதாகப் பிறக்கிறதா, அல்லது இழந்த இறையாண்மையை மீளப் பெறுகிறதா? சர்வதேசச் சட்டத்தின் இந்தக் கேள்விக்கு ஆசிய மன்னர்களின் உடன்படிக்கைகளைக் கொண்டு விடை தேடியவர், சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய சார்லஸ் ஹென்றி அலெக்சாண்ட்ரோவிச் (1902–1975). அவர் ஆராய்ந்த வகை உறவுகளுக்குக் கொச்சியின் மட்டாஞ்சேரி அரண்மனை இன்றும் சான்றாக நிற்கிறது.

சென்னையில் பத்தாண்டுகள்

போலந்து நாட்டவரான அலெக்சாண்ட்ரோவிச், 1951-இல் சென்னைக்கு வந்து, பல்கலைக்கழகத்தில் சர்வதேச மற்றும் அரசியலமைப்புச் சட்டத் துறையை உருவாக்கினார். சர்வதேச விவகாரங்களுக்கான இந்திய ஆண்டு நூல், அவரது முயற்சியால் 1952 முதல் வெளிவந்தது. 1961-இல் சிட்னி பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். கிழக்கிந்தியப் பகுதிகளில் நாடுகளிடைச் சட்டத்தின் வரலாறு குறித்த அவரது நூல் 1967-இல் வெளியானது.

போலந்தே இக்கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1795-இல் அண்டைப் பேரரசுகளால் முற்றிலும் பங்கிடப்பட்ட அந்நாடு, 123 ஆண்டுகளுக்குப் பின் 1918-இல் மீண்டும் எழுந்தது.

ஆய்வின் சாரம்

ஐரோப்பியர்கள் 16 முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை ஆசிய மன்னர்களுடன் தூதர்களைப் பரிமாறிக்கொண்டு, முறையான உடன்படிக்கைகளைச் செய்துகொண்டனர். சட்டத்தின் பார்வையில் அம்மன்னர்கள் இறையாண்மை கொண்டவர்களே. 19-ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பியச் சட்ட அறிஞர்கள் நாடுகளின் வட்டத்தைச் சுருக்கி, அவர்களை அதற்கு வெளியே நிறுத்தினர் என்பது அவரது வாதம். எனவே காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகள் சிலவற்றைப் புதியவை என்பதைவிட, இறையாண்மைக்குத் திரும்பியவை என்பதே பொருந்தும் என 1969-இல் எழுதினார்.

கொச்சி தரும் சான்று

போர்த்துகீசியர் 1500-இல் கொச்சிக்கு வந்து அதன் அரசருடன் வணிக உறவு கொண்டனர். மட்டாஞ்சேரி அரண்மனையை அவர்கள் 1555-ஆம் ஆண்டு வாக்கில் கட்டி அரசருக்கு அளித்தனர். கொச்சியை 1663-இல் கைப்பற்றிய டச்சுக்காரர்களும், தங்களுக்கு ஏற்ற அரசரை அமர்த்திய பிறகும், அவருடன் உடன்படிக்கையே செய்துகொண்டனர். ஆயினும் அதன் வழியே மிளகு வணிகம் அவர்கள் பிடிக்குள் வந்தது. 1791 உடன்படிக்கை கொச்சியை ஆங்கிலேயக் கம்பெனிக்குக் கப்பம் கட்டும் அரசாக்கியது. கையொப்பமிடும் தகுதி அரசருக்கு இருந்தது. மறுக்கும் வலிமை குறைந்துகொண்டே வந்தது.

நீதிமன்றத்தில் பழைய ஏடு

பழைய உடன்படிக்கைகள் ஏட்டோடு முடிந்தவை அல்ல. தாத்ரா, நாகர் ஹவேலி பகுதிகளுக்குச் செல்லும் உரிமை கோரி போர்ச்சுகல் இந்தியா மீது 1955-இல் வழக்குத் தொடுத்தது. மராத்தியருடனான 1779 உடன்படிக்கை அதில் முக்கிய ஆதாரம். அதைப் பிற்கால நடைமுறைகளைக் கொண்டு அளக்கக் கூடாது என்று கருதிய சர்வதேச நீதிமன்றம், அது வருவாய் உரிமையை மட்டுமே அளித்தது, இறையாண்மையை அளிக்கவில்லை என 1960-இல் முடிவு செய்தது. மராத்தியரின் இறையாண்மையை ஏற்ற அந்த முடிவே இந்தியாவுக்குச் சாதகமாகவும் அமைந்தது.

கொள்கையின் எல்லை

எந்தப் பழைய அரசு மீள்கிறது என்ற சிக்கல் எஞ்சுகிறது. பிரிட்டிஷ் மேலாதிக்கம் விலகும் வேளையில், 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனிநாடாகும் எண்ணத்தை அறிவித்துப் பின்னர் கைவிட்டது. கொச்சியோ அதற்கு முன்பே, ஏப்ரலில், அரசியல் நிர்ணய சபைக்குத் தன் பிரதிநிதியை அனுப்பியிருந்தது. இரு சமஸ்தானங்களும் 1949 ஜூலை 1-இல் ஒன்றாயின. மீண்டது கொச்சி அரசு அன்று. அதைத் தன்னுள் ஏற்ற இந்திய ஒன்றியம்.

இன்றைய பிரிவினை வழக்குகளிலும் இந்தச் சிக்கல் நீடிக்கிறது. கொசோவோவின் சுதந்திர அறிவிப்பு சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என 2010-இல் கருத்துரைத்த சர்வதேச நீதிமன்றம், அது தனிநாடாகிவிட்டதா என்ற கேள்விக்குள் நுழையவில்லை.