கோட்டையை ஒப்படைத்த சொல்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் நாள்தோறும் ஆங்கிலத்தைக் கையாளுகிறோம். அம்மொழியின் நீண்ட சொற்களுக்கு அகராதி துணை நிற்கிறது. நம்மை இடர்ப்படுத்துவனவோ சிறு சொற்களே. 'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. இரண்டும் சேர்ந்த 'கிவ் அப்' என்னும் தொடர், மேலே கொடு என்றன்றோ பொருள்பட வேண்டும்? அது கைவிடு என்று பொருள்படுவது எவ்வாறு? இத்தொடரின் வரலாற்றைச் சற்றே ஆராய்வோம்.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், அரசவையில் பிரெஞ்சும் ஏடுகளில் இலத்தீனும் கோலோச்சின. ஆங்கிலத்தில் ஆண்டுக்குறிப்பு எழுதும் மரபு சிறிது சிறிதாக மறைந்தது. பீட்டர்பரோ என்னும் ஊரிலிருந்த மடத்துத் துறவிகளே 1154ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் வரையில் அம்மரபைத் தொடர்ந்தவர்கள். அவர்களுடைய ஏட்டில் ஸ்டீபன் மன்னனின் ஆட்சியைப் பற்றிய ஒரு செய்தி காணப்படுகிறது. சால்ஸ்பரியின் பிஷப் ரோஜரும், லிங்கனின் பிஷப் அலெக்ஸாண்டரும் வலிய கோட்டைகளுக்கு உரியவர்களாக விளங்கினர். அவர்தம் வலிமையை ஐயுற்ற மன்னன் 1139இல் அவர்களைச் சிறைப்படுத்தினான்; கோட்டைகளை ஒப்படைக்கும் வரையில் விடுதலை இல்லை என்பது நிலை. ஒப்படைத்தலைக் குறிக்க அத்துறவி எழுதிய சொற்கள் இன்றைய 'கிவ் அப்' என்பதன் பழைய வடிவமே. இத்தொடருக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் இஃது ஒன்று.

இங்கே கொடுப்பவர் பிஷப், கொடுக்கப்படும் பொருள் கோட்டை, பெறுபவன் மன்னன். மூவகையும் தெளிவாக உள்ளன. இவற்றுள் பெறுபவன் என்னும் உறுப்பு நாளடைவில் மறைந்ததே இத்தொடரின் வரலாறு எனலாம்.

பழைய ஆங்கிலத்தில் வினைக்கு முன்னே ஒட்டிநின்று பொருளை வேறுபடுத்திய முன்னொட்டுகள் பல இருந்தன. அவை வலுவிழந்தபோது, வினைக்குப் பின்னே வரும் 'அப்', 'அவுட்', 'ஆஃப்' போன்ற சிறு சொற்கள் அப்பணியை ஏற்றன. வடபுலத்திலிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் மொழிவழக்கும் இதற்குத் துணை செய்தது என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். 'அப்' என்பதும் மேல்திசையைச் சுட்டுவதோடு நில்லாமல், செயல் முற்றுப்பெற்றதைச் சுட்டும் சொல்லாயிற்று. 'ஈட்' என்றால் உண்ணுதல். 'ஈட் அப்' என்றால் மிச்சமின்றி உண்டு தீர்த்தல். நம் மொழியில் 'உண்டுவிட்டான்' என்னும்போது 'விடு' என்பது தன் சொந்தப் பொருளை விடுத்து முடிவைக் காட்டுகிறதன்றோ? அதனோடு இதனை ஒப்பிட்டுக் காணலாம்.

1611இல் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் வெளியான ஆங்கில விவிலியத்தில், உயிர் துறந்தவரைக் குறிக்க இத்தொடர் 'கோஸ்ட்' என்னும் சொல்லோடு வருகிறது. இன்று பேயைக் குறிக்கும் அச்சொல் அங்கே ஆவியைக் குறித்தது. கொடுத்தவனிடமே உயிரைத் திருப்பித் தருதல் என்னும் கருத்தில், பெறுபவன் இறைவன் என்று கொள்ள இடமுண்டு. ஆனால் அவன் பெயர் அத்தொடரில் இல்லை. பெறுபவன் மறையத் தொடங்கிவிட்டான்.

நோயாளியை மருத்துவர் 'கிவ் அப்' செய்தார் என்னும்போது அங்கே நம்பிக்கை இழத்தலே பொருள். பெறுபவர் ஒருவரும் இலர். புகைபிடித்தலை ஒருவர் 'கிவ் அப்' செய்தார் என்றால், அப்பழக்கத்தை எவரிடமும் அவர் ஒப்படைப்பதில்லை, விட்டொழிக்கிறார். விடுகதைக்கு விடை தெரியாத ஆங்கிலச் சிறுவன் 'ஐ கிவ் அப்' என்கிறான். பெறுபவன் மட்டுமன்றிக் கொடுக்கும் பொருளும் அங்கே மறைந்துவிட்டது. தோல்வியை ஒப்புக்கொள்ளும் மனநிலை ஒன்றே எஞ்சியது.

இத்தகைய தொடர்கள் அயலாரைத் திணறச் செய்யும் என்பதை டாக்டர் சாமுவேல் ஜான்ஸன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே எடுத்துரைத்தார். ஆகவே, நம் தடுமாற்றத்திற்கு நாம் நாணவேண்டியதில்லை. இவ்வகைத் தொடர்களுக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் இலக்கணப் பெயர், 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூலால் பரவியது. அப்பெயரைத் தமக்குத் தந்தவர் ஆக்ஸ்போர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று அவர் குறித்துள்ளார்.

ஆங்கிலம் ஒரே தொடரில் அடக்கிய பொருள்களைத் தமிழ் தனித்தனிச் சொற்களால் வழங்குகிறது. ஒப்படைத்தல் என்றால் வாங்கிக்கொள்ள ஒரு கை உண்டு. விட்டுக்கொடுத்தல் என்றால் எதிரே ஒரு மனிதர் உண்டு. பெரும்பாலும் அன்பும் உண்டு. கைவிடுதல் என்றால் ஒருவருமில்லை. நம் கை வெறுமையாவதே மிச்சம்.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழ்கின்ற நாம், பிழைப்பின் பொருட்டுப் பலவற்றை விட்டுக்கொடுத்திருக்கிறோம். நம் வீடுகளில் பிள்ளைகள் வேற்றுமொழியில் விளையாடுவதும் இயல்பே. அதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும், தாய்மொழியை அவர்கள் கையில் ஒப்படைக்கிறோமா, கைவிடுகிறோமா என்னும் வினாவை ஒவ்வோர் இல்லமும் தன்னைத் தானே கேட்டுக்கொள்வது நலம். ஆங்கிலேயருக்கு இரண்டிற்கும் ஒரே தொடர் போதும். நமக்கோ அவை வெவ்வேறு சொற்கள், வெவ்வேறு செயல்கள்.