இருபது எழுத்துகளும் ஒரு நூலகமும்: மார்கரெட் டேஹாஃபும் மருத்துவத்திற்குள் வந்த கணினியும்

2021 மார்ச் 24 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மகாராட்டிரத்தில் எடுக்கப்பட்ட கொரோனா வைரஸ் மாதிரிகளில் ஈ484கியூ, எல்452ஆர் ஆகிய இரண்டு மாற்றங்கள் மிகுந்து வருவதாக அதில் கூறப்பட்டிருந்தது. நாளேடுகள் அதற்கு 'இரட்டைத் திரிபு' என்று பெயர் வைத்தன. பெயர் பரவியது, அந்த எழுத்துகளும் எண்களும் எதைக் குறிக்கின்றன என்று கேட்டவர்கள் குறைவு.

வைரஸின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்ப்புரதம் 1,273 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு மாலை. அதன் 452ஆம் மணி லியூசினாக இருந்தது; ஆர்ஜினினாக மாறியது. எல் என்பது பழைய மணி, ஆர் என்பது புதிய மணி, நடுவில் உள்ள எண் இடம். ஒரு வேதிமாற்றம் முழுவதையும் ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடும் இக்குறியீட்டை உலகின் எந்த ஆய்வகமும் ஒரே பொருளில்தான் படிக்கும். அதே எழுத்துமுறைதான் செய்தித்தாள் சூட்டிய பெயரின் குறையையும் காட்டிக்கொடுத்தது. இரண்டாம் அலையைச் சுமந்த டெல்டா வகையில் எல்452ஆர் இருந்தது, ஈ484கியூ இல்லை.

இந்த எழுத்துமுறைக்குப் பின்னால் ஒரு பெண்ணின் இருபதாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு இருக்கிறது. மருத்துவத்தில் கணினியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நோயறியும் இயந்திரத்திலிருந்து தொடங்குவார்கள். அதைவிட ஆழமாக வேர்விட்ட கதை ஒரு நூலகத்திலிருந்து தொடங்குகிறது.

மார்கரெட் ஓக்லி டேஹாஃப் 1925இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். குவாண்டம் வேதியியலில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தபோது, வணிக நிறுவனங்கள் கணக்கு வழக்குக்குப் பயன்படுத்திய துளை அட்டை இயந்திரங்களைக் கொண்டு மூலக்கூறுகளின் ஆற்றலைக் கணித்தார். பட்டம் பெற்ற ஆண்டு 1948. கணக்குப்பிள்ளைக்கென்று செய்த இயந்திரத்தை வேதியியலுக்குத் திருப்பியவர், பின்னாளில் அதை உயிரியலுக்கும் திருப்பினார்.

1960இல் ராபர்ட் லெட்லி தொடங்கிய தேசிய உயிர்மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் அவர் சேர்ந்தார். லெட்லி பல் மருத்துவம் படித்தவர். அதற்கு முந்தைய ஆண்டில் லீ லஸ்டெட் என்பவருடன் சேர்ந்து, மருத்துவர் நோயை உய்த்துணரும் முறையைத் தருக்கமாகவும் நிகழ்தகவாகவும் பிரித்துக் காட்டலாம், அதற்குக் கணினி துணை நிற்கும் என்று 'சயின்ஸ்' இதழில் எழுதியிருந்தார். கணினியை மருத்துவரின் பக்கத்தில் அமர்த்தும் கனவு அது. அதே நிறுவனத்தில் டேஹாஃபின் மேசையில் வேறொரு வேலை நடந்தது. நோயாளியைப் பற்றிப் பேசாத, புரதத் துண்டுகளை அடுக்கும் வேலை.

பிரெடெரிக் சாங்கர் இன்சுலினின் 51 அமினோ அமிலங்களும் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதை 1950களின் நடுப்பகுதிக்குள் கண்டறிந்து, அதற்காக 1958இல் நோபல் பரிசு பெற்றார். அதன்பின் மற்றப் புரதங்களின் வரிசையும் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது. ஆனால் நீண்ட புரதம் ஒன்றை முழுதாக ஒரே மூச்சில் படிக்க முடியாது. வெவ்வேறு நொதிகளால் அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே படித்து, பிறகு அவை முன்பு எந்த வரிசையில் இருந்தன என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தாதி தெரிந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் எளிதில் விளங்கும். அந்தாதிப் பாடல்கள் எழுதிய ஏடுகள் கட்டவிழ்ந்து கலைந்துவிட்டதாகக் கொள்வோம். ஒரு பாடலின் ஈற்றுச் சொல் எந்தப் பாடலின் முதற்சொல்லாக வருகிறது என்று தேடினால் பழைய வரிசை மீளும். புரதத் துண்டுகளிலும் அதே உத்திதான். ஒரு நொதி வெட்டிய துண்டின் கடைசிப் பகுதி, வேறொரு நொதி வெட்டிய துண்டின் முதற்பகுதியோடு ஒத்துப்போகும் இடத்தில் இரண்டும் இணையும். பத்துத் துண்டுகளைக் கையால் இணைக்கலாம். நூறு துண்டுகள் வந்தால் மனிதக் கண் சோர்ந்துவிடும். டேஹாஃபும் லெட்லியும் 1962இல் ஐபிஎம் 7090 கணினிக்காக எழுதிய 'காம்ப்ரோட்டீன்' என்ற நிரல் இந்த வேலையை ஏற்றது. இன்று மனித மரபணுத்தொகையைத் துண்டுகளிலிருந்து மீட்டெடுக்கும் நிரல்களுக்கு அது மூத்த உறவு.

அடுத்த தேவை தொகுப்பு. புரத வரிசைகள் பல இதழ்களில், பல வடிவங்களில் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடிச் சேர்த்து, பிழை பார்த்து, ஒரே முறையில் அடுக்கி, 1965இல் 'புரத வரிசை, கட்டமைப்பு அட்லஸ்' என்ற நூலை டேஹாஃப் குழுவினர் வெளியிட்டனர். அன்று தெரிந்திருந்த 65 புரதங்களின் வரிசைகள் அதில் இருந்தன. உலகில் இவ்வகையில் வந்த முதல் பெருந்தொகுப்பு இதுவே.

அட்லஸ் பணியில்தான் எழுத்துச் சிக்கல் கூர்மையானது. அதுவரை அமினோ அமிலங்களுக்கு மூன்றெழுத்துச் சுருக்கங்கள் வழங்கின. துளை அட்டையிலும் கணினியின் சிறிய நினைவகத்திலும் மூன்று எழுத்து என்பது ஆடம்பரம். புரதம் ஒன்றின் கீழ் மற்றொன்றை அடுக்கி ஒப்பிடும்போது கண்ணுக்கும் அது இடையூறு. அமிலங்கள் இருபது, ஆங்கில எழுத்துகள் இருபத்தாறு. ஆளுக்கு ஒன்று கொடுக்கலாம். ஆனால் ஏ எழுத்தில் தொடங்குபவை மட்டும் நான்கு. அலனின் அந்த எழுத்தைப் பெற்றது. பி எழுத்தில் தொடங்கும் ஃபீனைல் அலனினுக்கு எழுத்துக்கூட்டலை விட்டுவிட்டு ஒலிப்பைக் கொண்டு எஃப் வழங்கப்பட்டது. இரட்டை வளையம் கொண்ட பருத்த டிரிப்டோஃபானுக்கு அதேபோல் பருத்த எழுத்தான டபிள்யூ கிடைத்தது. 1968இல் பன்னாட்டு வேதியியல், உயிர்வேதியியல் அமைப்புகள் ஓரெழுத்து முறைக்கு ஏற்பளித்தன. ஒலியும் வடிவும் மரபும் சிக்கனமும் கலந்து பிறக்கும் எந்த எழுத்துமுறையையும் போன்றதுதான் இதுவும்.

எழுத்து அமைந்தபின் ஒப்பீடு எளிதாயிற்று. ஒப்பீட்டிலிருந்துதான் மருத்துவத்துக்குப் பயன் விளைந்தது.

தமிழில் பால், பல், புலி. கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி. இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைப்பவருக்குச் சொல் முதலில் வரும் பகரம் கன்னடத்தில் ஹகரமாகத் திரிந்திருப்பது புலப்படும். ஒலிகள் மனம்போனபடி மாறுவதில்லை. சில மாற்றங்கள் அடிக்கடி நிகழும், சில அரிதாகவே நிகழும். எது இயல்பான மாற்றம் என்று தெரிந்தவர்தான், உருவம் மாறிய இரண்டு சொற்கள் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று துணிய முடியும்.

டேஹாஃப் புரதங்களில் இதைத்தான் எண்ணிப் பார்த்தார். உறவுடைய புரதங்களின் 71 தொகுதிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஏற்பட்டிருந்த 1,572 மாற்றங்களைக் கணக்கிட்டு, எந்த அமினோ அமிலம் எதுவாக எவ்வளவு எளிதில் மாறுகிறது என்பதற்கு ஓர் அட்டவணை வகுத்தார். பாம் அட்டவணை எனப்படும் அதன் முழு வடிவம் 1978இல் வெளிவந்தது. எண்ணெய்த்தன்மை உடைய ஓர் அமிலம் அதேபோன்ற மற்றோர் அமிலமாக மாறினால் புரதம் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். தன்மையே வேறான அமிலம் வந்தால் உருவமும் பணியும் குலையலாம். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்தில் நிற்க வேண்டிய குளூட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வாலின் வந்தால் சிவப்பணு அரிவாளாக வளைகிறது. வெர்னன் இங்கிராம் 1950களில் கண்டுபிடித்த இந்த ஓரெழுத்து மாற்றமே அரிவாள் செல் நோயின் மூலம். இந்தியாவில் இதன் தடயம் முதன்முதலில் 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே பதிவாயிற்று. இன்றும் மத்திய இந்தியப் பழங்குடிகள் பலரை அது வாட்டுகிறது.

தொகுப்பும் ஒப்பீடும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 1983ஆம் ஆண்டு சான்று தந்தது. கலிபோர்னியாவின் ரஸல் டூலிட்டில் அட்லஸுக்குப் பிந்தைய வரிசைகளைத் தானே சேர்த்து ஒரு சிறு தரவுத்தளம் வைத்திருந்தார். காயம் ஆறும்போது செல்களைப் பெருகத் தூண்டும் ஒரு புரதத்தின் வரிசை வெளியானதும், அதைத் தம் தொகுப்போடு ஒப்பிட்டார். குரங்குகளில் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரஸின் மரபணு தரும் புரதத்தோடு அது பெரிதும் ஒத்திருந்தது. பிரிட்டனிலும் ஒரு குழு அதே ஆண்டில் அதே முடிவை எட்டியது. புற்றுநோய் என்பது உடலுக்கே உரிய வளர்ச்சிக் கட்டளை தவறான நேரத்தில் ஒலிப்பதாகவும் இருக்கலாம் என்ற கருத்து அதனால் வலுப்பெற்றது. இந்தத் தொடர்பைக் கண்டுபிடிக்க நுண்ணோக்கி தேவைப்படவில்லை. இரண்டு வரிசைகளும் ஒரே நூலகத்தில் இருந்தால் போதுமானதாக இருந்தது.

அந்த நூலகம் யாருடையது என்ற கேள்வியும் அப்போதே எழுந்துவிட்டது. அட்லஸ் விலைக்கு விற்கப்பட்டது. அதன் தரவை மறுபடி வழங்கக் கட்டுப்பாடுகள் இருந்தன. தொகுப்பதற்கும் பிழை திருத்துவதற்கும் ஆகும் செலவை யாராவது ஏற்க வேண்டுமே என்பது டேஹாஃப் தரப்பு நியாயம். தாங்கள் இலவசமாகக் கொடுத்த வரிசைகளை விலை கொடுத்து வாங்குவதா என்பது மற்ற ஆய்வாளர்களின் மனத்தாங்கல். அமெரிக்க அரசு மரபணு வரிசைகளுக்கு ஒரு தேசியத் தரவுத்தளம் அமைக்க முன்வந்தபோது டேஹாஃப் குழுவும் போட்டியிட்டது. தரவின்மீது எந்த உரிமையும் கோரமாட்டோம் என்று கூறிய லாஸ் அலமோஸ் ஆய்வகத் தரப்புக்கே 1982இல் வாய்ப்புச் சென்றது. அதுதான் ஜென்பேங்க். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், 57 வயதில், டேஹாஃப் மறைந்தார். திறந்த தரவு என்ற கொள்கை வென்றது நல்லதே. அதற்கான இலக்கணத்தை வகுத்தவர் அந்த வெற்றிக்கு வெளியே நின்றுபோனார் என்பதையும் வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

நூலகத்தின் மற்றொரு குறை மெல்லத்தான் தெரிந்தது. ஒப்பீடு என்பது நூலகத்தில் இருப்பதோடு மட்டுமே நிகழும். மனித மரபணுத்தொகைகள் சேரத் தொடங்கியபோது, அவற்றில் மிகப் பெரும்பான்மை ஐரோப்பிய வம்சாவளியினருடையவையாக இருந்தன. இது வெறும் பிரதிநிதித்துவக் குறை அன்று. நோயறிதலிலேயே பிழை உண்டாக்குவது. இதயத்தசை தடித்துப்போகும் மரபுநோய்க்குக் காரணம் என்று அறிவிக்கப்பட்ட சில மரபுத் திரிபுகள், ஆப்பிரிக்க வம்சாவளி அமெரிக்கர்களிடையே நலமாக உள்ளவர்களிடமும் பரவலாகக் காணப்படுபவை என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2016இல் காட்டினர். நோய் தராத திரிபைச் சுமந்த மனிதர்களுக்கு நோய்க்குறி கொடுக்கப்பட்டிருந்தது. தொடக்க ஒப்பீடுகளில் கறுப்பினத்தவர் சிறு எண்ணிக்கையில் இருந்திருந்தாலும் அந்தத் தவறு நேர்ந்திராது.

இந்தியாவுக்கு இது எதிர்த்திசையிலும் பொருந்தும். மைபிபிசி3 என்ற இதயத்தசை மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு வடிவம், தெற்காசியரில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பேரிடம் இருப்பதையும் அது இதயத்தசை நோய்களோடு தொடர்புடையது என்பதையும் இந்திய ஆய்வாளர்கள் முன்னின்ற குழு 2009இல் வெளியிட்டது. ஐரோப்பியரின் வரிசைகளை மட்டும் எத்தனை ஆயிரம் சேர்த்துப் பார்த்தாலும் இந்த விடுபாடு கண்ணில் பட்டிருக்காது. பாடபேதம் தேடுபவர் ஒரே ஊரின் ஏடுகளையே திரும்பத் திரும்பப் புரட்டினால் மற்ற ஊர்களின் பாடம் எப்படிக் கிடைக்கும்?

உயிரித் தகவலியலில் இந்தியா பின்தங்கித் தொடங்கிய நாடு அன்று. உயிரித் தொழில்நுட்பத் துறை 1986-87இலேயே தகவல் மையங்களின் வலையமைப்பு ஒன்றை நிறுவியது. ஆயினும் இந்தியாவில் முழு மனித மரபணுத்தொகை ஒன்று முதன்முதலாக வரிசைப்படுத்தப்பட்டது 2009 டிசம்பரில்தான், டெல்லியின் ஐஜிஐபி நிறுவனத்தில். 2019இல் அதே நிறுவனமும் ஹைதராபாத்தின் சிசிஎம்பியும் 1,008 பேரின் தொகைகளை முடித்தன. 2020 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற ஜீனோம் இந்தியா திட்டத்தில் 20 நிறுவனங்கள் சேர்ந்து 10,000 பேரின் தொகைகளை எட்டின. அந்தத் தரவு ஃபரிதாபாத்திலுள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் வைக்கப்பட்டு, 2025 ஜனவரியில், விண்ணப்பித்துப் பெறும் முறையில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. கொரோனாக் காலத்தில் அமைந்த இன்சாகாக் கூட்டமைப்பு இல்லாமல் 2021 மார்ச் அறிக்கையும் வந்திருக்காது.

பத்தாயிரம் என்பது 140 கோடிப் பேர் வாழும் நாட்டில் சிறிய எண். நெடுங்காலம் தமக்குள்ளேயே மணவுறவு கொண்ட ஆயிரக்கணக்கான சமூகங்கள் இங்கு உண்டு. ஒன்றில் அரிதான திரிபு மற்றொன்றில் பரவலாக இருக்கும். எனவே எத்தனை பேர் என்பதைப்போலவே எந்தெந்த மக்கள் என்பதும் முக்கியம். எவருடைய குருதி தொகுப்புக்குள் வந்ததோ அவர்களுக்கு அதன் மருத்துவப் பயன் திரும்பிச் சேருமா என்பது அதைவிட முக்கியம். தரவைத் திறந்து வைத்தால் அறிவு பெருகும். காவலின்றித் திறந்தால் சிறு சமூகங்கள் அடையாளம் காணப்பட்டு முத்திரை குத்தப்படும் ஆபத்தும் உண்டு. டேஹாஃப் காலத்தில் விலை பற்றி எழுந்த கேள்வி இன்று நம்பிக்கை பற்றிய கேள்வியாக மாறியிருக்கிறது.

இன்று நோயறியும் இயந்திரங்களைப் பற்றிய பேச்சு மீண்டும் ஓங்கியிருக்கிறது. லெட்லியின் கனவு வேறு பெயரில் திரும்பியிருக்கிறது என்றும் சொல்லலாம். அந்த இயந்திரங்கள் எவ்வளவு விரைவாகக் கற்றாலும், யாரோ சேர்த்து, பிழை பார்த்து, அடுக்கி வைத்த தொகுப்பிலிருந்தே கற்கின்றன. ஒரு நோயாளியின் மரபணு வரிசையில் புதிய எழுத்து ஒன்று தென்பட்டால், அது தீங்கா, வெறும் வேறுபாடா என்று சொல்வதற்கு அவரைப் போன்ற மனிதர்களின் வரிசைகள் முன்பே அங்கு இருக்க வேண்டும். அவை இல்லாதபோது மருத்துவர் எழுதித் தருவது 'பொருள் தெளிவற்ற திரிபு' என்ற ஒரு வரிதான். அந்த வரி நோயாளியின் உடலைப் பற்றிச் சொல்வதைக் காட்டிலும் நூலகத்தின் காலி அடுக்குகளைப் பற்றியே அதிகம் சொல்கிறது.